மதிலுக்கு உள்ளே ஒரு வேலை

திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் அடுத்தது அண்ணனூர், அதற்கடுத்தது ஆவடி. அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் போனாலே நீண்ட மதில்கள் தொடங்கிவிடும். 1961-ல் தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியைத் தயாரித்த எச்.வி.எஃப். (கனரக வாகனத் தொழிற்சாலை), ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., டாங்கி என்ஜின் செய்யும் ஆலை, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. (போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம்), விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று வரிசையாக இருக்கின்றன. மதில் மேல் முள்கம்பி, மூலையில் காவல் கோபுரம், வாசலில் துப்பாக்கியோடு ஒருவர்.

அந்த ஒருவர் யார்? நாள் முழுக்க என்ன செய்கிறார்? அந்த வேலைக்கு நம் வீட்டுப் பிள்ளை போக வழி உண்டா? மதிலுக்கு வெளியே குடியிருக்கும் நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும்? இந்த வட்டாரத்தில் பலருக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது போலீஸ் வேலைதானே?

இல்லை. குற்றம் நடந்த பிறகு விசாரித்து வழக்குப் போடுவது போலீஸ் வேலையின் பெரும்பகுதி. இங்கே நாம் பேசுவது இடப் பாதுகாப்பு (ஒரு வளாகத்தையும் அதிலுள்ள ஆட்கள், பொருள்கள், காகிதங்களையும் மதில், பூட்டு, கேமரா, காவலர் ஆகியவற்றால் காப்பது). எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே இதன் நோக்கம். ஒன்றும் நடக்காத நாள்தான் நன்றாக வேலை செய்த நாள். அதனாலேயே இந்த வேலையின் அருமை வெளியே தெரிவதில்லை.

எப்படிக் காக்கிறார்கள்?

உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே சொல்கிறேன். தேர்தல் முடிந்ததும் வாக்குப்பதிவு இயந்திரங்களை ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ வைப்பார்களே, அந்த ஸ்ட்ராங் ரூமை (பாதுகாப்பு அறை) நினைத்துப் பாருங்கள். அறைக்கு ஒரே வாசல்தான் இருக்கும். மற்ற கதவு, ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள். வாசலுக்கு இரட்டைப் பூட்டு. பூட்டின் மேல் அதிகாரியின் சீல் விழும். வேட்பாளர்களின் ஆட்களும் தங்கள் சீலை வைக்கலாம். அறை வாசலில் மத்தியப் படையினர், அதற்கு வெளியே மாநிலப் போலீஸார். இருபத்து நான்கு மணி நேரமும் கேமரா ஓடும். உள்வட்டத்துக்குள் யார் வந்தாலும், அவர் கலெக்டரே ஆனாலும், பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம் நோட்டில் ஏறியாக வேண்டும்.

இடப் பாதுகாப்பின் எல்லாப் பாடமும் இந்த ஓர் அறைக்குள் இருக்கிறது. ஒரு தடுப்பை நம்பாமல் ஒன்றன் பின் ஒன்றாகப் பல தடுப்பு வைப்பது முதல் பாடம். ஒரு சாவியை ஒரே ஆளிடம் தராமல் இருப்பது இரண்டாவது. பதவி பார்க்காமல் பதிவு செய்வது மூன்றாவது. நடைமுறையில் மிகக் கடினமானது இந்த மூன்றாவதுதான்.

தடுப்புகளுக்கு வேறொரு பயனும் உண்டு. மதில் யாரையும் முழுதாக நிறுத்திவிடாது. ஏணி இருந்தால் ஏறிவிடலாம். ஆனால் ஏறுவதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் கேமராவோ காவலரோ பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, ஆட்கள் ஓடிவந்துவிட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எங்கே மதில், எங்கே விளக்கு, எங்கே காவல் கோபுரம் என்று முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடுபவரே இத்துறையின் நிபுணர். வாசலில் நிற்பவரும் அனுபவத்தில் அந்த நிலைக்கு உயர முடியும்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் எட்டு மணி நேர ஷிஃப்ட். வந்ததும் முந்தைய ஆளிடமிருந்து சார்ஜ் எடுக்க வேண்டும். துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, சாவிகள், நோட்டுகள், பழுதான விளக்கு எது, எந்த கேமரா வேலை செய்யவில்லை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு தோட்டா குறைந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

பிறகு வாசல் டியூட்டி என்றால் ஊழியர்களின் அடையாள அட்டை, வெளியாட்களின் பாஸ், பைகள், வண்டிகள் என்று ஒவ்வொன்றாகச் சோதனை. வண்டிக்கு அடியில் கம்பில் பொருத்திய கண்ணாடியை நீட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பீட் டியூட்டி (குறிப்பிட்ட பாதையில் ரோந்து) என்றால் மதிலோரம் நடை. கட்டுப்பாட்டு அறை என்றால் திரைகளையும் வாக்கி டாக்கியையும் விட்டுக் கண்ணும் காதும் நகரக்கூடாது.

இதில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வளாகத்துக்குள் ஒரு மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்ட அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அனுப்ப வேண்டும். வண்டியில் ஏற்றி வாசலுக்கு வந்துவிட்டால் போதாது, பொருளுக்குத் தனியாக கேட் பாஸ் வேண்டும். அதில் என்ன பொருள், எத்தனை, அடையாள எண் என்ன, எந்த வண்டி, யாருக்குப் போகிறது, எந்தத் தேதிக்குள் திரும்பி வரும் என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்களின் மாதிரிக் கையெழுத்து வாசலில் இருக்கும். காவலர் அதையும் இதையும் ஒப்பிடுவார். பிறகு பாஸைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி மோட்டாரின் எண்ணைப் பார்ப்பார். எண் மாறியிருந்தால் வண்டி நகராது. திரும்ப வரவேண்டிய தேதி தாண்டியும் மோட்டார் வரவில்லையென்றால், அனுப்பிய பிரிவுக்கு நினைவூட்டல் போகும்.

நம் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளிவாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மன்னர் தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியவர் என்பது தலபுராணம். வாசல் காவலரும் அப்படி வெளியே மட்டும் பார்ப்பவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் உள்ளே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். தினமும் வணக்கம் சொல்லும் சூப்பர்வைசரின் பையையும் திறந்து பார்க்க வேண்டும். முகம் சுளிக்காமல், முகம் சுளிக்க வைக்காமல் அதைச் செய்யத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல காவலர் என்பேன்.

எந்தெந்த அமைப்புகள் இந்த வேலையைச் செய்கின்றன?

முதலில் சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை). 1968-ல் சட்டம் இயற்றி, 1969 மார்ச் 10 அன்று மூவாயிரத்துச் சொச்சம் பேரோடு தொடங்கிய படை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. முதலில் அரசு ஆலைகளுக்கு மட்டும்தான் காவல். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திப் போனார்களே, அதன் பிறகு விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக இந்தப் படையிடம் வந்தன. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் முதலாவது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிறுவனங்களும் கட்டணம் கட்டி இந்தப் படையைப் பெறலாம் என்றாக்கினார்கள். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குள் இருவர் குதித்த சம்பவத்துக்குப் பின், 2024 மே மாதம் அந்த வளாகமும் இவர்கள் பொறுப்புக்கு வந்தது.

தமிழ்நாட்டில் சென்னை விமான நிலையம், துறைமுகம், கல்பாக்கம் அணுமின் வளாகம், நெய்வேலி என்.எல்.சி. ஆகிய இடங்களில் நீங்கள் பார்ப்பது இவர்களைத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பையும் 2015 நவம்பர் 16 அன்று இவர்கள் ஏற்றார்கள்.

இந்தப் படையின் பயிற்சி மையங்களில் ஒன்று அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இருக்கிறது. 949-ல் அதே தக்கோலத்தில் ராஷ்டிரகூடரோடு போரிட்டு யானை மேல் உயிர்விட்ட சோழ இளவரசர் ராஜாதித்தனின் பெயரை அந்த மையத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் படையின் 56-ஆவது நிறுவன நாள் விழா அங்கேதான் நடந்தது.

அடுத்தது டி.எஸ்.சி. (பாதுகாப்புத் துறைக் காவல் படை). ராணுவத் தளவாட நிலையங்கள், கிடங்குகள் போன்றவற்றுக்குக் காவல் இவர்கள். இதில் சேர முன்னாள் படைவீரராக இருக்க வேண்டும். படைத் தொழிற்சாலைகளில் ‘தர்வான்’ என்ற வாசல் காவலர் பதவியும் நெடுங்காலமாக உண்டு; ஆவடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் பழக்கம்.

இவை தவிர டி.ஆர்.டி.ஓ. (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு), அணுசக்தித் துறை, ரிசர்வ் வங்கி, அரசு வங்கிகள் ஆகியவை பாதுகாப்பு உதவியாளர், பாதுகாப்பு அதிகாரி பதவிகளுக்குத் தனியாக அறிவிப்பு வெளியிடும். ரிசர்வ் வங்கியின் காவலர் பதவி முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும். மாநில அளவில், ஆவடியில் முகாம் வைத்திருக்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகளும் முக்கியக் கட்டடங்களுக்குக் காவல் போகின்றன. அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும்.

நான் ஒரு அரசு ஆபீஸில் செக்யூரிட்டி. நானும் அரசு ஊழியர்தானே?

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பின்னால் மனவேதனையையும் தருகிறது. அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, வங்கி ஏ.டி.எம். ஆகிய பல இடங்களில் காவலர்களைத் தனியார் ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தவரின் முதலாளி அந்த ஏஜென்சிதான், அரசு அல்ல. எத்தனை வருடம் நின்றாலும் தானாக நிரந்தரம் ஆகாது.

அப்படிச் சேர்வதில் தவறில்லை. ஆனால் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி அவர்களுக்கு உரிமம் இருக்கிறதா? அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்லும் பயிற்சியை, புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும், உண்மையில் தருகிறார்களா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பி.எஃப். எண் இல்லாத சீட்டு என்றால் அங்கே இருக்கலாமா என்று யோசியுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1986-ல் மாநில அரசு தொடங்கிய டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்), அரசு நிறுவனங்களுக்கு அவர்களையே காவலுக்கு அனுப்புகிறது.

காவலருக்கு என்னைப் பிடித்து வைக்க அதிகாரம் உண்டா?

சி.ஐ.எஸ்.எஃப். காவலருக்குச் சட்டப்படி வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் சோதனை போடவும் அதிகாரம் உண்டு. தாங்கள் காக்கும் சொத்துக்கோ ஊழியர்களுக்கோ எதிரான குற்றம் என்றால் அந்த அதிகாரம் வரும். ஆனால் வழக்குப் பதிவதும் விசாரிப்பதும் அவர் வேலை அல்ல. பிடித்தவரைத் தாமதமில்லாமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். திருமுல்லைவாயிலும் ஆவடியும் 2022-ல் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் எல்லையில் வருகின்றன.

தனியார் ஏஜென்சி காவலருக்கு அப்படித் தனி அதிகாரம் எதுவும் இல்லை. அவரும் உங்களைப் போல, என்னைப் போல ஒரு குடிமகன்தான். கண்ணெதிரே ஜாமீன் தர முடியாத பெருங்குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தவர், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-ஆவது பிரிவுப்படி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். அறையில் பூட்டி வைத்து அடிக்கவோ மிரட்டவோ யாருக்கும் உரிமை இல்லை. இந்த வேலைக்குப் போகும் இளைஞரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் கை நீட்டினால் வழக்கு அவர் மேல்தான் வரும், ஏஜென்சி மேல் அல்ல.

மதிலுக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்தால் என்ன?

‘தடைசெய்யப்பட்ட இடம், புகைப்படம் எடுக்கக் கூடாது’ என்ற பலகையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்பதற்குத் தனி வரையறையே இருக்கிறது; ராணுவ ஆலைகளும் தளங்களும் அதில் வரும். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு அங்கே படமோ வரைபடமோ எடுத்தால், ராணுவம் சார்ந்த விஷயத்தில் 14 ஆண்டு வரை சிறை. அந்த இடத்தில் காவலரின் பணியைத் தடுப்பதும் தனிக் குற்றம்.

உங்களுக்கு அப்படி நோக்கமே இல்லை, பிள்ளையைக் காட்சிக்கு வைத்த டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம், அவ்வளவுதான். சரி. ஆனால் வாசலில் நிற்பவருக்கு உங்கள் மனது தெரியாது. அவர் கேட்டால் போனைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள். காவல் கோபுரம், வாசல், உள்ளே போகும் வண்டிகள் ஆகியவற்றை ரீல்ஸ் எடுப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு ட்ரோன் விடலாமா?

இந்த வட்டாரத்தில் மண்டபம் பிடிப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நாடு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலமாகப் பிரிக்கின்றன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்கு உட்பட்ட சின்ன ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது. ஆனால் சிவப்பு மண்டலத் தடை அதற்கும் சேர்த்துத்தான். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கிறது. மண்டபம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக் காட்டும்படி வீடியோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். விமானப்படை நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் பறந்தால், விசாரணை வீடியோக்காரரோடு நிற்காது. விழா வீட்டுக்கும் வரும்.

சரி, சி.ஐ.எஸ்.எஃப்.-ல் சேர என்ன வழி?

மூன்று நிலையில் சேரலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கான்ஸ்டபிள். எஸ்.எஸ்.சி. (மத்திய பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு எழுத வேண்டும். வயது 18 முதல் 23. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. ஒரே தேர்வில் பல மத்தியப் படைகளுக்கும் ஆள் எடுப்பார்கள்; எந்தப் படை வேண்டும் என்ற விருப்ப வரிசையை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். எல்லையைவிட நகரங்களில் பணி அதிகம் என்பதால் சி.ஐ.எஸ்.எஃப்.-ஐ முதலில் குறிப்பவர்கள் பலர்.

பட்டம் பெற்றவர்களுக்கு சப் இன்ஸ்பெக்டர் பதவி இருக்கிறது, இதையும் எஸ்.எஸ்.சி.தான் நடத்துகிறது, வயது 20 முதல் 25. அதற்கும் மேலே யு.பி.எஸ்.சி. வழியாக அசிஸ்டென்ட் கமாண்டன்ட். இவை போக, பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்குத் தீயணைப்புக் கான்ஸ்டபிள் பதவியும் உண்டு. தீயணைப்புக்கென்று தனிப் பிரிவே இந்தப் படையில் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாமலே போகிறது.

ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் கான்ஸ்டபிளுக்கு 21,700 ரூபாய், சப் இன்ஸ்பெக்டருக்கு 35,400, அசிஸ்டென்ட் கமாண்டன்டுக்கு 56,100. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியவை இதற்கு மேல். ஓய்வு வயது 60.

இங்கிலீஷும் இந்தியும் தெரியாமல் எழுத முடியுமா?

முன்பு முடியாது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்விலிருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் கேள்வித்தாள் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த எதிர்ப்புக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. பொது அறிவு, கணக்கு, அறிவுத்திறன் ஆகிய பகுதிகளைத் தமிழில் எழுதலாம். மொழித்திறன் பகுதி மட்டும் இங்கிலீஷ் அல்லது இந்தி. அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

பெண்களுக்கு?

கான்ஸ்டபிள், சப் இன்ஸ்பெக்டர், அசிஸ்டென்ட் கமாண்டன்ட் ஆகிய மூன்று நிலையிலும் சேரலாம். பெண்களைச் சோதனை போடப் பெண் காவலர்தான் வேண்டும். அதனால் விமான நிலையம், மெட்ரோ, நீதிமன்றம் எங்கும் அவர்கள் தேவைப்படுகிறார்கள். 2024 நவம்பரில், முழுக்கப் பெண்களே கொண்ட ஒரு பட்டாலியனுக்கு மத்திய உள்துறை அனுமதி கொடுத்தது. ‘பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை’ என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்குத் தனியாகப் பஸ் பிடித்துத் திரும்பும் தனியார் கம்பெனி வேலையைவிட, பல இடங்களில் வளாகத்துக்குள்ளேயே தங்குமிடம் கிடைக்கும் இந்த வேலை உங்கள் கவலையைக் குறைக்கும்.

வேலையின் கஷ்டம் என்ன?

மறைக்காமல் சொல்ல வேண்டும். நாடு முழுக்க மாறுதல் உண்டு. அசாமிலோ ஜார்க்கண்டிலோ சில ஆண்டுகள் இருக்க நேரும். பொங்கல், தீபாவளிக்கு ஊரே விடுமுறையில் இருக்கும்போது உங்களுக்கு டியூட்டி கூடும். மாறி மாறி வரும் இரவு ஷிஃப்ட் தூக்கத்தைக் கெடுக்கும். நின்றே வேலை பார்ப்பதால் முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும்.

இவற்றையெல்லாம்விட உள்ளே அரிப்பது சலிப்புதான். ஆயிரம் பை திறந்து ஒன்றும் இல்லாதபோது ஆயிரத்தொன்றாவது பையையும் அதே கவனத்தோடு திறக்க வேண்டும். வீரசாகசத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் இங்கேதான் உடைந்துபோகிறார்கள். ஒழுங்கில் ஒரு நிறைவைக் காணும் மனம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் பிள்ளை எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்துக்கு முன் அதைப் பேசுங்கள்.

வீட்டாரும் பழக வேண்டியது ஒன்று உண்டு. எந்த இடத்தில் டியூட்டி, எத்தனை பேர், எப்போது ஷிஃப்ட் மாறுகிறது என்பதையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. முகம் தெரியாத ‘தோழி’ ஒருத்தி முகநூலில் அன்பாகப் பேசி மெல்ல மெல்ல வேலை விவரம் கேட்டால், தொடர்பை நிறுத்திவிட்டு மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வலையில் விழுந்து வேலையையும் மானத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார்…

கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் ஏமாந்த குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர் பேச்சில் உண்மை இருக்க முடியாது. ஏன் என்று பாருங்கள். கான்ஸ்டபிள் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. இது போன்ற பதவிகளுக்கு நேர்முகத் தேர்வையே 2016 ஜனவரி முதல் மத்திய அரசு எடுத்துவிட்டது. யாரோ ஓர் அதிகாரி முகத்தைப் பார்த்து மார்க் போடும் இடமே இல்லாதபோது ‘சிபாரிசு’ எங்கே நுழையும்? விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், முன்னாள் படைவீரர்களுக்கு அதுவும் கிடையாது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவரும் ஏமாற்றுக்காரர்தான். பணியாணை என்று ஒரு காகிதத்தை நீட்டினால் எஸ்.எஸ்.சி. இணையதளத்தில் வரும் முடிவுப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எப்போதிருந்து தயாராக வேண்டும்?

படிப்பைவிட உடம்புக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓட்டம். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 4 நிமிடம் 48 நொடிக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு எட்டரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர். உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157. பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு மார்பளவு 80, மூச்சிழுத்தால் 85. பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ தேர்வுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஓடத் தொடங்குங்கள்.

கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடி போடாமலே பார்வை தேற வேண்டும். நிறக்குருடு (சில நிறங்களைப் பிரித்தறிய முடியாமை) இருக்கக் கூடாது. தட்டைப் பாதம், முட்டி இடித்தல் இருந்தாலும் மருத்துவத்தில் நிறுத்திவிடுவார்கள். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிய பிறகு இதில் திரும்பி வருவது பெருந்துயரம். முன்பே தெரிந்தால் வேறு வழி பார்க்கலாம்.

கடைசியாகச் சான்றிதழ்கள். கான்ஸ்டபிள் இடங்களை மாநில வாரியாகப் பிரிப்பதால் இருப்பிடச் சான்றிதழ் கட்டாயம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் பெற வேண்டும். பி.சி., எம்.பி.சி. வகுப்பினரிடம் இருப்பது மாநிலச் சான்றிதழ். அது இங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதி வரம்புக்குள் வாங்கியதாகவும் அது இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் சுப்பிரமணி’ என்று இருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் ஆதாரை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையும் அப்படியே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.